போஸ்டிங் வந்துருச்சா?

கல்வித்துறையில் யாருக்கு வேலை கிடைத்தது, யார் விட்டுப் போனார்கள், யார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்பது என் தொழில். அடுத்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வியையே கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

ஈப்போவில் உள்ள ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்துக்காகப் மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்க அலைகிறேன். பதிலை வாங்கி வருவதோடு என் வேலை முடிந்தது. வேலை வாங்கித் தரும் அதிகாரம் எனக்கு இல்லை. இதை மட்டும் யாரும் நம்புவதில்லை.

கல்லாவில் ஒரு டீச்சர்

கலைவாணியை முதலில் பார்த்தது சிம்பாங் பூலாயில், ஒரு பேரங்காடியின் கல்லாவில். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் படித்து முடித்துவிட்டுப் அரசாங்கப் போஸ்டிங்குக்குக் காத்திருந்தாள். நான் ஓரமாக நின்றிருந்தபோது, வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் அவளைப் பார்த்து "டீச்சர்!" என்று கத்திவிட்டாள். பயிற்சிக் காலத்தில் அவளிடம் படித்த பிள்ளையாம். "டீச்சர் இல்லலா, காசு வாங்குற அக்கா" என்று அம்மாக்காரி கையைப் பிடித்து இழுத்தாள். கலைவாணி தலையை நிமிர்த்தாமல் பால் டின்னை ஸ்கேன் செய்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இப்போது என்ன வேலை என்ற கேள்விக்கு வந்தேன். சொன்னாள்: "கேஷியர்னே எழுதிக்கோங்கக்கா. டீச்சர்னு எழுதினா எங்கப்பாவே நம்ப மாட்டாரு."

பீடோரில் ஒரு காலி நாற்காலி

அடுத்த வாரம் பீடோர் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். பிரசவ விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதில் ஆள் கிடைக்காமல், தலைமையாசிரியரே இரண்டு வகுப்புக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கம் கணக்கும் அந்தப் பக்கம் தமிழும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"தங்கச்சி, எங்கிட்ட வேலை காலியா இருக்கு, ஊர்ல படிச்ச புள்ளைங்க சும்மா இருக்கு. நடுவுல என்ன இருக்கு? அதையும் எழுதிட்டுப் போங்க" என்றார்.

ஹெல்மெட்

ஒருவர் விவரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் தலைமையாசிரியரிடம் அவள் பெயரைச் சொல்லாமல், கலைவாணிக்குப் போன் செய்து, இப்படி ஒரு பள்ளி இருக்கிறது, இஷ்டமிருந்தால் நீயே கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன். கல்லா வேலையை விட்டுவிட்டுத் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். தினமும் சிம்பாங் பூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வந்தாள். அங்கே ஒரு தரம் பார்த்தேன். அதே பெண்தானா என்று இருந்தது. குரல் வாசல் வரை கேட்டது.

விடுப்பு முடிந்து பழைய ஆசிரியை திரும்பினார். கடைசி நாள் புறப்படும்போது கலைவாணியின் ஹெல்மெட்டைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைத் தன் பையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஹெல்மெட் இல்லாம போனா போலீஸ் புடிக்கும் டீச்சர். நீங்க போவாதீங்க."

தூரம்

மறு வருஷம் ஒரு வழியாகப் போஸ்டிங் வந்தது, கடல் தாண்டி சரவாக் உள்காட்டில் ஒரு தேசியப் பள்ளிக்கு. அதற்குள் கலைவாணியின் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கூட்டிக்கொண்டு போய்வர அவள் ஒருத்திதான். பேராக்கிலேயே கேட்டு மனு போட்டாள். கிடைக்கவில்லை. போஸ்டிங்கை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பா போகும் டயாலிசிஸ் நிலையத்திலேயே பதிவு கவுண்டரில் வேலைக்கு உட்கார்ந்தாள்.

அந்த வருஷக் கேள்விகளோடு அங்கே போனேன். பீடோர் பள்ளியில் மறுபடியும் ஆள் இல்லை, தலைமையாசிரியர் உன்னைத்தான் விசாரித்தார் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாரத்தில் பாதி நாள் லீவு கேட்டால் எந்தப் பள்ளியில் வைத்துக்கொள்வார்கள் என்றாள். அந்தப் பள்ளி பற்றிச் சொல்லியிருக்கவே வேண்டாமோ என்று இன்றுவரை தோன்றுகிறது. கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது: போஸ்டிங்கை மறுத்த காரணம்?

"தூரம்னு போடுங்கக்கா. எனக்கில்ல, அப்பாவுக்கு."

அந்த வருஷ அறிக்கையில் கலைவாணி 'வேலையில் இருப்பவர்', பீடோர் பள்ளி 'ஆள் தேவை'. இரண்டும் சரியாக இருக்கிறது என்று எனக்குப் பாராட்டு கிடைத்தது.