தம்பியின் இடுப்புக் கயிறு

ஒன்பது வயதில் என்னைவிடப் பெரிய விசுவாசி மைசூரில் யாரும் இருந்திருக்க முடியாது. கோடை விடுமுறையில் எங்கள் சபையில் பத்து நாள் வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, கைவேலை, பதினோரு மணிக்குப் பிஸ்கட். அந்த வருடம் டீச்சர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் கேஸ் கசிகிறது, உங்கள் சொந்தக்காரர் உள்ளே தூங்குகிறார், எழுப்பினால் திட்டுவார் என்று பேசாமல் இருந்துவிடுவீர்களா? இருக்க மாட்டோம் என்று கத்தினோம். அப்படியென்றால் பிரியமானவர்களுக்கு இயேசுவைப் பற்றி இன்றைக்கே சொல்லுங்கள், நாளைக்கு அவர்கள் இருப்பார்களோ இல்லையோ என்றார். எனக்கு உடனே சித்தியின் ஞாபகம்தான் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் சித்தி வந்து தங்கியிருந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் ஹனூரில் இருந்தாள். அம்மாவும் அங்கே மாதேஸ்வரனைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். அப்பாவைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்த பிறகு சபைக்கு வர ஆரம்பித்து, ஞானஸ்நானமும் எடுத்தாள். அதற்காகப் பிறந்த வீட்டில் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு முதலில் வரத் தொடங்கியவள் சித்திதான். இந்த முறை ஐந்து மாதக் கைக்குழந்தையான தம்பியோடு வந்திருந்தாள். அவளுக்கு இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இவனுக்கும் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது, மைசூருக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஸ்கேன். சித்தப்பா அன்று காலையில் வருவதாக இருந்தது.

அம்மா மேல் எனக்குக் கோபமான கோபம். சித்திக்குப் பூண்டு ரசம் வைத்தாள், தம்பியின் ஈரத்துணிகளை அலசிப் போட்டாள், ஆஸ்பத்திரி வரிசையில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். இயேசுவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கேஸ் கசிகிற வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று புதன்கிழமை சாயங்காலம் சித்தியின் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சித்தி, நீங்க இயேசுவ ஏத்துக்கலைன்னா நரகத்துக்குத்தான் போவீங்க."

சித்தி கோபப்படவில்லை. தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "அப்பிடின்னா உங்க தாத்தனும் அங்கதான இருப்பாரு கண்ணு. நானும் போயி அவருகூடவே இருந்துக்கறேன்."

தாத்தாவைப் பற்றி எங்கள் வகுப்பில் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். சித்தியை மாற்றுவது நடக்காத காரியம், குழந்தையையாவது காப்பாற்ற வேண்டும் என்று என் புத்தி அந்தப் பக்கம் திரும்பியது. எண்ணெய் தேய்க்கும்போதுதான் கவனித்திருந்தேன். தம்பியின் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் விரல் நுனி அளவுக்குச் செம்புத் தாயத்து. சித்தப்பா ஹனூரிலிருந்து வெறுங்காலோடு மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போய் வாங்கி வந்தது. ஆண்டவரை அவனிடம் நெருங்கவிடாமல் தடுப்பது இதுதான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். டீச்சர் அக்கா கூட அப்படிச் சொன்னதில்லை. பாவம், அவர்மேல் பழியைப் போட எனக்கு வழியில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கடைக்குப் போனாள். சித்தி துணி காயப்போட மாடிக்கு ஏறினாள். தம்பி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். கலர் பேப்பர் வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்து கயிற்றை நறுக்கினேன். வெளியே ஓடி, தாயத்தோடு அதைச் சாக்கடையில் போட்டேன். திரும்பி வந்து பாஸ்டர் செய்வதுபோல அவன் தலையில் கை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்தேன். அவன் வீறிட்டு அழுதான்.

சித்தி இறங்கி ஓடிவந்து அவனைத் தூக்கினாள். அவள் கை அவன் இடுப்புக்குப் போய் நின்றது. தூளியை உதறினாள், பாயைப் புரட்டினாள்.

"கயிறு எங்க கண்ணு?"

"வெட்டிப் போட்டுட்டேன் சித்தி. இனிமே இயேசு பாத்துப்பாரு."

பரிசு கிடைக்கப் போகிறவள் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. "என்ன பண்ணிப்போட்ட..." என்று சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தம்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடுங்கினாள். ஒரு பெரிய மனுஷி நடுங்குவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பையோடு உள்ளே வந்த அம்மா விஷயம் தெரிந்ததும் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடை ஓரம் மண்டியிட்டு, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். எதிர் வீட்டுக் கன்னடக்காரம்மா கேட் அருகில் வந்து, "ஏனு ஹுடுக்தாயித்தீரா அக்கா?" என்று எதைத் தேடுகிறாள் என விசாரித்தாள். "மகுது தாயத" என்று அம்மா தயங்காமல் சொன்னாள். குழந்தையின் தாயத்து! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைபிளோடு போகிறவள் தாயத்தைத் தேடுகிறாளே என்று அந்த அம்மா வாயைப் பிளந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவை நினைத்து அவமானம்.

தாயத்து கிடைத்தது. அம்மா சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். எதிர் வீட்டிலேயே கறுப்புக் கயிறு வாங்கி வந்து கோத்தாள். கட்டப் போனபோது சித்தி, "குடு, நானே கட்டிக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். கட்டி முடித்துப் பையை எடுத்தாள். சித்தப்பா வழியில் ஒரு சொந்தக்காரர் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே போவதாகச் சொன்னாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"உன்ற சாமிகிட்ட எம்புள்ளைக்காக வேண்டிக்கோன்னு நேத்து நானா வந்து கேட்டேனே அக்கா. அதுக்கா உன்ற மகள ஏவி இப்பிடிப் பண்ண வெச்ச?"

"இல்லடி. நான் எதுவும் சொல்லலடி."

சித்தி நம்பவில்லை. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். நானாகத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை போதும். ஊருக்கே சாட்சி சொல்லக் கிளம்பியிருந்த வாய் அப்போது திறக்கவில்லை. அடி விழுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. ஆட்டோவில் ஏறும்வரை சித்தி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, தானே சரியாகிவிடும் என்று ஸ்கேனில் தெரிந்தது. இப்போது ஹனூரில் டிராக்டர் ஓட்டுகிறான், என்னைப் பார்த்தால் அக்கா என்று நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் சித்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாளும் தங்கியதில்லை. ஜெபம் பண்ணச் சொல்லி அம்மாவை மறுபடி கேட்டதும் இல்லை. அம்மா ரசம் வைத்தும் துணி அலசியும் பத்து வருடமாகக் காத்திருந்தது அந்த ஒரு வேண்டுகோளுக்காகத்தான் என்பது எனக்குப் புரிய இன்னும் இருபது வருடமாயிற்று.

சித்தி கிளம்பிப் போன அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஜெபித்தோம். அம்மா சித்தியின் பிள்ளையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டாள். அடுத்தது என் முறை. நிஜமான கண்ணீரோடு, கைகளைக் கூப்பிக்கொண்டு சொன்னேன்: "ஆண்டவரே, அம்மா இன்னிக்கு அந்தத் தாயத்தைத் தொட்டுட்டாங்க. அவங்கள மன்னிச்சிருங்க."

அம்மா ஆமென் சொன்னாள்.