நாகையா கைவைத்து மூடிய வரி

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் நாகையா அண்ணன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காத ஆள் கிடையாது. தாராளக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கஞ்சன்தான். அம்புட்டும் பந்தயத்தில் தோற்று வாங்கிக் கொடுத்தது.

கம்பெனி வெம்பக்கோட்டைப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மருந்து புழங்கும் இடத்தில் போன் ஆகாது, அது சரிதான். ஆனால் மத்தியானம் சோத்துச் சட்டியைத் திறந்து உட்கார்ந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. பழகின முகங்களையே எம்புட்டு நேரம் பார்ப்பது? அந்த நேரத்துக்கென்றே முனியராஜ் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் ஒரு பேப்பர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வருவான்.

முனியராஜ் நாகையாவுக்கு அக்கா மகன். பன்னிரண்டாவது பாஸ். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டான். படிப்பை முடித்துவிட்டுப் பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையோடு கூட்டி வந்து, போர்மேன் முன்னால் நிறுத்தி, "என் மருமகன். இவனுக்கு நான் ஜவாப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் நாகையா. சம்பளம் வாங்கத் தொடங்கும்வரை அவனுக்கு மத்தியானச் சாப்பாடும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

பேப்பரில் பெரிய சேதியெல்லாம் அவன் வாசிக்க மாட்டான். மூலையில் எட்டு வரி, பத்து வரி இருக்குமே, அந்த மாதிரித் துண்டுச் சேதிதான். ஒருதடவை நிறுத்தி வாசிப்பான். பேப்பரை மடிப்பான். "சேதி என்ன?" என்று கேட்பான். ஒரே வரியில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் சாயங்காலம் கேட்டுக்கு எதிரே ஜெய்லானி பாய் கடையில் டீ வாங்க வேண்டும். யார் ஆரம்பித்த பந்தயமோ தெரியாது, அது எங்களுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது.

நாகையா சொல்வது சரியாக வந்ததே இல்லை. ஒருநாள் வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் திறந்த சேதி. ஆத்தோரம் இருப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும், இத்தனை ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும் என்றெல்லாம் போட்டு, கடைசி வரியில், தண்ணீரில் இழுபட்ட ஒரு மாட்டைத் தீயணைப்பு ஆட்கள் மீட்டார்கள் என்று இருந்தது. எல்லாரும் தண்ணீர் திறந்ததுதான் சேதி என்றோம். நாகையா, மாடு பிழைத்ததுதான் சேதி என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"தண்ணி வருசா வருசம் தொறக்கான். மாடு இன்னைக்குத்தானலே விழுந்துச்சு" என்றார்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு யார் தப்பாகச் சொன்னாலும் "மாட்டைப் புடிச்சுட்டான்" என்பதே எங்கள் பேச்சாகிவிட்டது.

முனியராஜுக்கு மாமாவைத் தோற்க விட மனசு வரவில்லையோ என்னவோ, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். அவன் சொன்னது எனக்கும் அப்படியே நினைவில் நிற்கிறது.

"மாமா, பத்து வரி இருந்தா ஒம்பது வரி ஒரு வரிக்காக வந்ததா இருக்கும். ஒவ்வொரு வரியா கைய வச்சு மூடிப் பாருங்க. மூடியும் சேதி நிக்குதுன்னா அது துணைக்கு வந்த வரி. மூடுனதும் மத்த வரியெல்லாம் எதுக்கு இருக்குன்னே தெரியாமப் போச்சுன்னா, அதான் சேதி."

நாகையா பேப்பரை வாங்கி மூடிப் பார்த்தார். தட்டுத் தட்டாகப் பட்டாசைத் தூக்கி வெயில் மேடையில் பரப்பி, மேகம் கூடினால் ஓடி ஓடி அள்ளுகிற வேலை அவருக்கு. கை முறம் மாதிரி இருக்கும். ஒரு வரியை மூடப் போனால் மூன்று வரி மறைந்துவிடும். "உங்க கைக்கு இந்தப் பேப்பரே பத்தாது மாமா" என்று முனியராஜ் சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு. அன்றைக்கும் டீ அவர்தான்.

படிப்பு என்று பார்த்தால் நான் அஞ்சாவது, அவர் மூணாவது. மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். மழை ஏமாற்றி ஏமாற்றி, இளவட்டத்திலேயே பட்டாசுக்கு வந்துவிட்டார். வீட்டில் மாடத்தி மதினி பேப்பர்க் குழாய் உருட்டும். ஒரே மகள் பானுப்பிரியாவை இராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அவர் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான். காலையில் வெளியே வந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகுதான் பல் விளக்குவார். லீவு நாளிலும் அப்படித்தான். மேடையில் கிடக்கிற சரக்கு தன் சொந்தச் சரக்கு என்றே அவருக்கு நினைப்பு.

போன தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்தது, வழக்கமாகத் திறக்கிற நேரம் தாண்டியும் திறக்கவில்லை. ஆர்டர் இல்லை என்றார்கள், லைசென்ஸ் வேலை என்றார்கள். சிலபேர் ஆலங்குளம் பக்கம் கல்லு லோடு ஏற்றப் போனார்கள். நாகையா மக்காச்சோளம் ஒடிக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது.

போனால், காம்பவுண்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேனேஜர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முனியராஜ் வாசித்துச் சொல்வான், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். முனியராஜ் தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தான். அதையே நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

வாசித்தான். கூலி உயர்வு. புதுத் தண்ணீர்த் தொட்டி. செருப்பு வைக்கத் தனி இடம். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தேவைக்கேற்ப அழைக்கப்படுவர். மழைக் காலத்தில் வேலை நேரம் மாறும். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்களுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. ஒரு வரி விடவில்லை. ஒரே குரல், ஒரே வேகம். வாசித்து முடித்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்து, சோத்து நேரத்தில் கேட்பது மாதிரியே, "சேதி என்ன?" என்றான்.

எங்கள் ஆட்களுக்கு வாயெல்லாம் பல். அவனே பதிலும் சொன்னான்.

"கூலி கூடுது. கதவு தொறக்குது. அம்புட்டுத்தான்."

நாகையா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏலே, நடுவுல வயசு பத்தி ஏதோ வந்துச்சே" என்றார்.

"மாமா, மறுபடியும் மாட்டைப் புடிச்சுட்டீகளா?"

கூட்டமே சிரித்தது. மேனேஜருக்கு மாட்டுக் கதை தெரியாது, அவரும் சிரித்தார். நாகையாவும் சிரித்துவிட்டார். மருமகன் வாசித்த காகிதம், அதில் போய் என்ன சந்தேகம்? முதல் கையெழுத்து அவர்தான் போட்டார். சாயங்காலம் ஜெய்லானி பாய் கடையில், இன்னைக்கும் நான்தான் தோத்தேன் என்று சொல்லி, முனியராஜுக்கு டீயும் ஒரு பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தார். அவன் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலையில் நானும் அவரும் ஒன்றாகத்தான் போனோம். வாட்ச்மேன் என்னை உள்ளே விட்டான். அவரைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்குச் சொல்லி அனுப்புவாகளாம்" என்றான். அவருக்கு முன்னாலேயே ஏழெட்டுப் பேர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் தலை நரைத்த ஆட்கள். எனக்கு நாற்பத்தேழு. அதனால் நான் கேட்டுக்கு அந்தப்பக்கம்.

உள்ளே முனியராஜ் நீலச் சட்டையில் நின்றான். கழுத்தில் விசில். சூப்பர்வைசர். மாமனைப் பார்த்தான். யாரோ கூப்பிட்டது போல ஷெட்டுக்குள் போய்விட்டான். யாரும் கூப்பிடவில்லை.

நாகையா சத்தம் போடவில்லை. நேராகச் சுவருக்குப் போனார். நோட்டீஸ் அங்கனயேதான் ஒட்டியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்து பக்கத்தில் நின்றேன். திக்கின இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். வெயில் ஏறிவிட்டது. வாட்ச்மேன் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

முழுக்க வாசித்தபிறகு, கூலி வரியின் மேல் கையை வைத்து மூடினார். மீதியைப் பார்த்தார். கையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை மூடினார். இனிப்புப் பெட்டியை மூடினார். நோட்டீஸில் எழுத்துப் பெரிதாக இருந்ததால் அந்தக் கைக்கும் ஒரு வரிதான் மறைந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஐம்பது வயது வரியை மூடினார். கையை எடுக்கவே இல்லை.

"சங்கிலி" என்று என்னைக் கூப்பிட்டார். "கூலி கூட்டுறதுக்கு எவனாவது நம்மகிட்டக் கையெழுத்துக் கேப்பானா? தண்ணித் தொட்டிக்கு? முட்டாய்க்கு?"

அவரே பதிலும் சொன்னார்.

"இந்த ஒரு வரிக்குத்தான்லே கையெழுத்து. மத்ததெல்லாம் இதுக்குத் துணைக்கு வந்துருக்கு. அவன் சொல்லிக் குடுத்தது சரியாத்தான் இருக்கு."

கையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துவிட்டார்.

உள்ளே விவரம் மெல்ல மெல்ல வந்தது. நோட்டீஸ் எழுதும்போதே மேனேஜர் முனியராஜைக் கூப்பிட்டிருக்கிறார். கையெழுத்து விழாவிட்டால் கதவு திறக்காது, உன் வாய்ச்சொல்லை எல்லாரும் கேட்பார்கள், நீ வாசித்தால் வம்பு வராது என்றிருக்கிறார். சூப்பர்வைசர் வேலை அதற்கு முந்தியே பேசி முடிந்திருக்கிறது. கேட்டவர்களிடம் எல்லாம் முனியராஜ் ஒன்றையே சொன்னான். ஒரு வரிகூட மறைக்கவில்லை, காது இருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டியதுதானே என்றான். உண்மைதான். எங்கள் அத்தனை பேர் காதிலும் அந்த வரி விழுந்தது. எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று எங்களுக்குப் பழக்கிவிட்டவன் அவன். விடச் சொன்னதை விட்டுவிட்டோம்.

பேப்பர் வாசிப்பு நின்றுபோனது. சூப்பர்வைசர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாதாம். ஜெய்லானி பாய் மட்டும் ஒருநாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "தோத்துக்கிட்டே இருந்த மனுசன் போனபெறகு என் கடைக்கு யாவாரமே இல்ல" என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை.

நாகையா அக்கா வீட்டுக்குப் போவதை விட்டார். கிடைத்த காட்டு வேலைக்குப் போனார். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் வாசலிலேயே நிற்பார்.

ஆவணி பிறந்ததும் சீசன் சூடு பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியராஜின் பைக் நாகையா வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் அங்கேதான் அவருக்குச் சவரக் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தேன். மதினி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் எதிரியே வாசலில் வந்து நின்றாலும் "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். நாகையா கேட்கவில்லை. அவன் அதற்காகக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. வராது என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தான்.

அம்மாவுக்கு முட்டுவலி என்றான். இந்த வருடம் மழை முந்திக்கொள்ளும் போலிருக்கிறது என்றான். புது ஆட்களுக்கு மேடை வேலை வரவில்லை, முந்தாநாள் சரக்கு நனைந்துவிட்டது என்றான். மாமாவைப் பற்றி மேனேஜரிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருப்பதாகச் சொன்னான். தான் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்பதையும் நடுவில் சேர்த்துக்கொண்டான். நாகையா ஒரு கன்னத்து நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சேதி என்னலே?"

முனியராஜ் தலையைக் குனிந்தான். "ஆள் பத்தல மாமா. தீபாவளி வரைக்கும்."

"தீபாவளி வரைக்கும்."

"ஆமா."

நாகையா மீதிக் கன்னத்தையும் வழித்து முடித்தார். துண்டால் துடைத்தார்.

"அன்னைக்கும் இப்பிடி ஒரு வரியில சொல்லியிருக்கலாம்லே. மாமா, உங்களுக்கு வேலை போகுது, கையெழுத்துப் போட்டாத்தான் மத்தவனுக்குக் கதவு தொறக்கும்னு. நான் போட்டுருப்பேன். கம்பெனி அடைச்சுக் கெடக்க நான் விட்டுருப்பேனா? தெரிஞ்சு போட்டுருப்பேன்."

முனியராஜ் பைக்கைத் திருப்பி, பின் சீட்டைக் கையால் தட்டித் துடைத்து, நாளைக்குக் காலையில் தானே வந்து கூட்டிப் போவதாகச் சொன்னான்.

"பஸ் இருக்கு" என்றார் நாகையா.

மறுநாள் நாங்கள் இரண்டுபேரும் பஸ்ஸில் போனோம். வயிறு இருக்கிறதே, போகாமல் என்ன செய்வது? மத்தியானம் சோத்துச் சட்டியைத் திறந்தோம். யாரோ ஒருவன், பழைய நினைப்பில், வாங்கி வந்த பேப்பரை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னான். துண்டுச் சேதி ஒன்றைத் தட்டித் தடுமாறி வாசித்து முடித்தேன். சேதி என்ன என்று நான் கேட்கவில்லை.

நாகையா கையை நீட்டிப் பேப்பரை வாங்கிக்கொண்டார். முதல் வரியில் கையை வைத்து மூடினார்.