கூடத்தில் ஒரு பிரதட்சிணம்

அம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு வருகிற நாய், பூனை எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிய்த்தெடுக்க முடியாது என்பாள். சமயபுரம் போகிற வழியில், தெருவில் அடிபட்டும் அநாதையாகவும் கிடக்கிற பிராணிகளுக்கு ஒரு காப்பகம் இருந்தது. அங்கே இடம் நிரம்பிவிட்டால், நல்ல இடம் கிடைக்கிறவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றும் என் மடியில் படுத்துப் பழகின சமயம் பார்த்துச் சரியாக யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று கால் குட்டி ஒன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரரோடு போனபோது நான் ரெண்டு வேளை சாப்பிடவில்லை. அம்மா மசியவே இல்லை.

பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அப்பா ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கினார். பழைய வீடு ஒன்றை இடித்துக் கட்டின அபார்ட்மெண்ட், அதில் தரைத்தளம். கோயில் மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இவ்வளவு மலிவாக வீடு அமைந்தது பெருமாள் கிருபை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஏன் மலிவு என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. கிருபையைப் போய்க் கேள்வி கேட்பார்களா?

அந்த வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு கிழட்டு நாய். செம்பட்டை நிறம், இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து பார்வை சுத்தமாக இல்லை. கண் தெரியாத நாய் புது இடத்துக்கு வந்தால் வாசலிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். இது கயிற்றை அவிழ்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது. எங்கள் சுவர்களில் மட்டும் முட்டிக்கொண்டது, இங்கே எவன் சுவர் வைத்தான் என்பதுபோல். கூடத்தில் பாதி தூரம் போனதும், ஒன்றுமே இல்லாத வெறுந்தரையில், படி தாண்டுவதுபோல் முன்னங்காலை உயரத் தூக்கி வைத்துப் போனது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அந்தச் சங்கதி தெரிந்தது. படுத்திருந்த நாய் எழுந்து, சமையலறைப் பக்கம் கூடத்தின் ஓரமாக ஓரிடத்தைச் சுற்ற ஆரம்பித்தது. மூக்கைத் தரையில் வைத்தபடி, நிதானமாக, வட்டம் கொஞ்சமும் பிசகாமல். குரைக்கவில்லை, முனகவில்லை. நகம் டைல்ஸில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. வட்டத்துக்கு உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை. சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று நடுவில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன். கழுத்தை நீட்டி எச்சில் ஒழுக்கிக்கொண்டு நின்றதே தவிர, கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டது. தினமும் அதே இடம், அதே சுற்று. அம்மா அந்தப் பக்கம் பாய் போடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "காத்து வரலை" என்றாள். ஃபேன் நேர் மேலே இருந்தது.

இதற்குள் அசோசியேஷன் செக்ரட்டரி மாமா சண்டைக்கு வந்துவிட்டார். "கோயில் நிழல்ல இருந்துண்டு நாயை ஆத்துக்குள்ள வெச்சுக்கறேளே, அடுக்குமா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையான்னா இருக்கு! நாளைக்கே கொண்டுபோய் விட்டுடுங்கோ" என்று கத்தினார். நான் தூணைக் கட்டிக்கொள்வதுபோல் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நல்ல வேளை, விளக்கு வைக்கிற நேரம். நாய் என் பிடியை உதறிக்கொண்டு போய்ச் சுற்ற ஆரம்பித்தது. மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடடா, பிரதட்சிணம்னா பண்றது!"

அவ்வளவுதான். மறுநாள் மாடி மாமிகள் எல்லாரும் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். இந்த இடத்துக்குக் கீழே ஏதோ சந்நிதி புதைந்திருக்கிறது என்று முடிவாயிற்று. கோலம் போட்டார்கள், அகல் ஏற்றினார்கள். வலமாகச் சுற்றாமல் இடமாகச் சுற்றுகிறதே, அப்படிச் சுற்றுவது வேறு காரியத்துக்கல்லவா என்று ஒரு மாமி இழுத்தாள். வாயில்லா ஜீவனுக்கு வலமென்ன, இடமென்ன என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரே காப்பகத்துக்குப் போன் போட்டு, "இதை யாருக்கும் குடுக்கறதாப் பேசிடாதீங்க, நாங்களே வச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டார். எனக்கென்று முதல்முதலாக ஒரு நாய்! நான் தரையில் நடக்கவில்லை.

கட்டடத்திலேயே கீழே இறங்கி வராதவர் இரண்டாம் மாடி மாமா ஒருத்தர்தான். இடித்த பழைய வீடு அவருடையது. இடத்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு ஃப்ளாட் வாங்கிக்கொண்டவர். யாரோடும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் அவர் வாசலில் நின்றார். அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தோம். கோலம் இல்லை, விளக்கும் ஏற்றவில்லை. "வாங்க மாமா, உக்காருங்க" என்று அம்மா கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். அவர் நடந்து வந்தார். கூடத்தில் பாதி தூரத்தில், வெறுந்தரையில், காலைத் தூக்கி வைத்தார். பிறகு நேரே போகாமல் வலப்பக்கம் ஒதுங்கி, நாய் போகிற அதே வளைவில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். எந்த இடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஜிம்மி" என்றார் மாமா, மெதுவாக.

மூலையில் படுத்திருந்த நாய் ஓடிவந்து அவர் பாதத்தில் முகத்தைப் புதைத்து முனகியது. அதன் குரலையே அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எங்காத்துப் பொண்ணு வளர்த்தது. ஆத்தை இடிக்கறச்சே வாடகை ஆத்துக்குப் போனோம். அங்கேர்ந்து எங்கேயோ ஓடிப்போயிடுத்து."

"பொண்ணு இப்ப எங்க மாமா இருக்கா?" என்றாள் அம்மா.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கதாம்மா கெணறு இருந்தது" என்றார். "மூடறச்சே நல்ல மண்ணாப் போடச் சொன்னேன். போட்டாளோ என்னமோ." எழுந்து, வந்த மாதிரியே சுற்றிக்கொண்டு போனார். வாசலில் திரும்பி, "விளக்கை மட்டும் நிறுத்திடாதேம்மா" என்றார்.

கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று, பெரியவர்களே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெண் அமெரிக்காவில் இருப்பாள் என்று நானே முடிவுகட்டினேன். எங்கள் தெருவில் பாதி மாமாக்களுக்குப் பெண் அங்கேதான். என் கவலையெல்லாம் வேறு. நாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு சொந்தக்காரி இருக்கிறாள்.

"அந்த அக்கா ஊருக்கு வந்து கேட்டா, ஜிம்மியக் குடுத்துடணுமாம்மா?"

அம்மா திரும்பாமலே, "வரமாட்டாடி" என்றாள்.

"லீவுக்குக்கூடவா?"

"வரவே மாட்டா."

"சத்தியமா?"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சத்தியமா."

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "ஹையா! வரமாட்டா, வரமாட்டா!" என்று கூடத்தில் குதித்தேன். குதித்துக்கொண்டே, சந்நிதி என்று ஆனபின் நாங்கள் யாருமே கால் வைக்காத அந்த வட்டத்துக்குள் போய்விட்டேன். மற்ற இடம்போல் இல்லை, அங்கே தரை 'தொம், தொம்' என்று சத்தம் போட்டது. "ஏய், வாடி இந்தப் பக்கம்!" என்று அம்மா வீறிட்டாள்.

அந்த 'தொம், தொம்' கேட்டதும் ஜிம்மி காதை விறைத்தது. பிஸ்கட்டுக்குக்கூடக் கால் வைக்காத நாய் விறுவிறுவென்று வட்டத்துக்குள் வந்து, என் காலடியில் தரையோடு காதை அழுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தது. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல வாலை ஆட்டத் தொடங்கியது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்காகத்தான் ஆட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.