யாரும் தொடாத திரை

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த கருவியை முறைத்தபடி நின்றிருந்தார் அவர். திரையில் ஐந்து என்றிருந்தது. மணிக்கு எத்தனை மில்லி மருந்து நோயாளியின் நரம்பில் இறங்க வேண்டும் என்பதற்கான எண் அது. யாரும் தொடவில்லை. ஐந்து ஆறாகியது.

"பாத்தீங்கல்ல? என் கை ரெண்டும் இங்கதான் இருக்கு," என்றார் மேலாளரிடம்.

அலுவலகத்தில் அவருக்கு 'உஷ் அக்கா' என்று பெயர். வேலையில் மூழ்கிவிட்டால், பக்கத்தில் யார் வாய் திறந்தாலும் "உஷ்!"தான். குறிப்புகளை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். "பேப்பர்னா தொலைஞ்சிடும். கை எங்க போயிடும்?"

விரல் பட்டதும், "இங்கே பார்" என்று கருவியின் சிப்புக்குத் திரை ஒரு மின்குறி அனுப்பும். அதுதான் இன்டரப்ட். அதற்குப் பதில் சொல்லும் டிரைவர் புரோகிராம் இவர் எழுதியது. "யாரோ பெல்லடிச்சிட்டு ஓடுறாங்க. கதவைத் திறந்தா ஆளைக் காணோம்," என்றார்.

மேலாளருக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை. "வேன் கீழ நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போற கருவி நாப்பது பெட்டியும் ஏத்தியாச்சு. வேண்டாத பெல்லைக் கண்டுக்காதேன்னு ஒரு வரி எழுதிடுங்களேன்."

"எது வேண்டாததுன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? நர்ஸ் பதறிப்போய் 'நிறுத்து'ன்னு அழுத்துறதையும் கண்டுக்காம விட்டுட்டா?"

அக்கா கருவியின் சார்ஜரைப் பிடுங்கினார். கருவியோடு இணைத்திருந்த மடிக்கணினியில் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருந்தது. அறை விளக்கை அணைத்தார். அப்போதும் ஏறியது. மருந்தைத் தள்ளும் மோட்டாரை நிறுத்தினார். எண்ணிக்கை சட்டென்று நின்றது. மறுபடி ஓட்டினார். கிடுகிடுவென ஏறியது.

மேலாளருக்கு மூச்சு வந்தது. "அப்போ மோட்டார் செக்‌ஷன் தப்பு. அவங்க தலையில போட்டுடலாம்."

"உஷ்!"

டிரைவர் புரோகிராமின் வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்துக்கொண்டே வந்த அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. யாரும் தொடாத நேரத்தில், திரையிலிருந்து வரும் கம்பியின் மின்னழுத்தத்தை அலையவிடாமல் பிடித்துவைக்கும் வரி அங்கே இல்லை. பிடிப்பற்ற அந்தக் கம்பி, மோட்டாரின் மின் இரைச்சலையெல்லாம் விரல் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வரியைச் சேர்த்து, மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினார். அரைமணி நேரம் இருவரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். எண்ணிக்கை அசையவில்லை.

"மோட்டார் நல்லாத்தான் சார் இருக்கு. தப்பு என்னோடது. போன மாசம் இந்த வரியைத் தூக்கினது நான்தான். நாப்பதுலயும் அதே புரோகிராம்தான் ஓடுது."

"இப்போ வேனுக்கு நான் என்ன சொல்றது?"

அவர் மடிக்கணினியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படிகளில் இரண்டிரண்டாக இறங்கிப் போய் வேனுக்குள் ஏறினார். முதல் பெட்டியை மடிமேல் இழுத்துவைத்து, வீட்டுச் சாவியால் அதன் ஒட்டுநாடாவைக் கிழித்தார்.