வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு நான் கிளம்பினால், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைப் போர்முனைக்கு அனுப்புகிற மாதிரி வழியனுப்புவார்கள். அப்படியொரு சண்டைக்காரக் கும்பல். கணக்கு சொல்லித் தந்ததைவிட அவர்களை அதட்டித்தான் என் தொண்டை போனது.

ஒருநாள் பி.டி. பீரியட் முடிந்து வந்த காலனிப் பெண் ஒருத்தி, தாகத்தில் பக்கத்தில் இருந்தவளின் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டாள். பாட்டிலுக்குச் சொந்தக்காரி ஊருக்குள் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். அவள் பாட்டிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

"அவ வாய் வெச்சது எனக்கு வேணாம்."

எனக்கு வந்த கோபத்தில் பாடத்தை விட்டுவிட்டு மணியடிக்கும்வரை திட்டினேன். சமத்துவம், சட்டம் எல்லாம் பேசினேன். பிரமாதமாகப் பேசிவிட்டதாக நினைப்பு வேறு.

மறுநாளிலிருந்து காலனிப் பெண் வரவில்லை. நான்காம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"இஸ்கோலுக்கே வரமாட்டேன்னு குந்திக்கினு கீது டீச்சர். என்னோட களை எடுக்க வருதாம்" என்று அவள் அம்மா சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நல்ல வெயில். அண்ணாந்து மடமடவென்று குடித்தேன்.

"நீங்களும் தூக்கித்தான் குடிக்கிறீங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை.

பழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. சொம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் வகுப்பில், அவள் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். "உங்களத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? சாயங்காலம் மறுபடி போறேன். அதே சொம்புல வாய் வெச்சுக் குடிக்கப் போறேன்." எதற்கெடுத்தாலும் சிரிக்கிற வகுப்பு அன்று சிரிக்கவில்லை.

மாலையில் பாட்டிலை எறிந்தவள் என் வண்டியருகே நின்றாள்.

"எங்க நைனாவுக்குத் தெரிஞ்சா பேஜாரு டீச்சர். இருந்தாலும் நானும் வரேன்."

பின்னால் ஏறிக்கொண்டாள். காலனிக்குள் நுழைந்ததும் அவள் என் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

காலனிப் பெண்ணின் வீட்டு வாசலில் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "தண்ணி குடு" என்றாள் என்னோடு வந்த இவள். சொம்பு வந்தது. வாய் வைத்துக் குடித்து, அவசரத்தில் புரையேறி இருமி, மீதியை நீட்டினாள்.

காலனிப் பெண் வாங்கினாள். துப்பட்டா முனையால் சொம்பின் விளிம்பை அழுத்தித் துடைத்தாள். இவளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான்.

"இன்னா பாக்கற? எங்கம்மா குடிச்சாலும் நான் தொடச்சிட்டுத்தான் குடிப்பேன். எச்சின்னா எனக்கு ஆவாது. அன்னிக்கு உன் பாட்டிலையும் தொடச்சிட்டுத்தான்டி குடிச்சேன். நீ பாக்கல."

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் கை நீட்டினேன். அவள் குடித்துவிட்டு, எனக்காகவும் ஒருமுறை துடைத்துக் கொடுத்தாள். வாய் வைத்துக் குடித்தேன்.

"நாளைக்குக் கணக்கு டெஸ்ட்" என்றேன்.

"இன்னா டீச்சர், மறுபடி வர்ற அன்னிக்கேவா?" என்றாள் காலனிப் பெண்.