கோல சிலாங்கூருக்கு ஒரு வாசல் விளக்கைப் பார்க்கப் போனது

எண்பதுகளின் நடுவில், தீபாவளிக்கு முந்தைய மழையில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போனேன். எல்லாரும் மின்மினி பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு கிளினிக்கின் வாசல் விளக்கைப் பார்க்க.

எங்கள் எஸ்டேட் மண்டபத்தில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. நான் அப்போதுதான் 'ழ' போடப் பழகியிருந்தேன். வாசலுக்கு எதிரே உயரமான கம்பத்தில் பெரிய வெள்ளை விளக்கு. கட்டியவர் என் கொழுந்தன் மாணிக்கம், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். பொது இடத்துக்குப் பெரிய விளக்குதான் மரியாதை என்பது அவர் எண்ணம். அது ஜெனரேட்டர் கரண்டையெல்லாம் குடித்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடிக்கடி பியூஸ் போனது. வெளிச்சம் முதுகில் அடித்ததால் எங்கள் நிழலே படிக்கட்டை மறைத்தது. அப்படித்தான் நான் விழுந்து மணிக்கட்டு பிசகியது. "அண்ணி கீழ பாத்து நடக்கணும்" என்றார் கொழுந்தன். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

இந்த விளக்குக்கு இனிமேல் கரண்டு கிடையாது என்று ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார். குறைந்த கரண்டில் எரிவது கிடைக்காவிட்டால் மாத முடிவோடு வகுப்பும் இல்லை. பாம்பு திரியும் இருட்டு வாசலுக்கு எந்த வீட்டில் பெண்களை அனுப்புவார்கள்? கடலோரக் கிளினிக்கில் உப்புக் காற்றுக்கும் கெடாத விளக்கு இருப்பதாக டீச்சர் சொன்னார். விளக்கை மாற்ற வேண்டியவர் மண்டோர் என்பதால் அவரும் வந்தார்.

ஐந்து மணி பஸ். ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. நான் முன் சீட்டு, அவர் கடைசி சீட்டு. வழியில் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காத யாரோ ஓர் அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், டாக்சிக்கு இரண்டு வெள்ளி. ஓட்டியவர் நம் ஆள்.

"தம்பி, பின்னால உக்காந்திருக்கவங்ககிட்ட சொல்லுங்க. வெளிச்சம் பத்தலன்னா நான் மாத்த மாட்டேன்" என்றார் கொழுந்தன்.

"அவரு வெளக்கு ஈசலுக்கு நல்லாப் பத்துதுன்னு சொல்லுங்க தம்பி" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே டாக்சிலதான இருக்கீங்க லா" என்றார் டிரைவர். "நான் ரோட்டப் பாக்கட்டா?"

கிளினிக்கின் கூரைத் தகரமெல்லாம் துரு. இருட்டியதும் அங்கிருந்த நர்ஸ், தமிழ்ப் பெண், விளக்கைப் போட்டார். படிக்கட்டுக்கு நேர் மேலே, கவிழ்த்த மூடிக்குள், சின்ன மஞ்சள் சோடியம் விளக்கு.

"சாமி மேடை வெளக்கு மாதிரி இருக்கு" என்றார் கொழுந்தன்.

"முன்ன இங்கயும் வெள்ளைதான் அங்கிள். மாசா மாசம் கெட்டுப் போகும். இது பாதி கரண்டுகூட இழுக்காது, மூடிக்குள்ள தண்ணியும் போகாது."

எனக்கும் மனசு விட்டுப்போனது. மங்கலாகத்தான் தெரிந்தது. 'ழ'வோடு என் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மழை பிடித்தது. ஒரு மலாய்க்காரப் பெண், இடுப்பில் பிள்ளை, கையில் குடை, ஓட்டமாக வந்தாள். சுவரைத் தடவவில்லை, காலால் துழாவவில்லை. நனைந்த படியில் மடமடவென்று ஏறிப் போய்விட்டாள். கொழுந்தன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மழையில் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தானும் ஏறி வந்தார்.

"கீழ பாத்து நடந்தீங்களா?" என்று கேட்டேன். டிரைவர் யாரும் நடுவில் இல்லை.

"பாக்கல அண்ணி. பாக்காமலே தெரியுது."

மூடியை அங்கேயே சாணால் அளந்துகொண்டார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் போகாதீர்கள், பகலில் எல்லா விளக்கும் ஒன்றுதான். மழை நாள் இன்னும் நல்லது. விளக்கை அண்ணாந்து பார்க்காமல் அதன் கீழே நடப்பவர்களின் காலைப் பாருங்கள். திரும்ப எட்டரைக்குக் கடைசி பஸ். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வேறொரு சாயங்காலம் ஒதுக்குங்கள், ஒரே நாளில் இரண்டும் முடியாது.

கொழுந்தன் தகரத்தில் மூடி அடித்து, தன் பெரிய விளக்கைத் தானே இறக்கிவிட்டு, படிக்கு மேலே சின்ன மஞ்சள் விளக்கை மாட்டினார். கிராணி வந்து நின்று ஜெனரேட்டர் திணறாமல் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சரி, எரியட்டும்" என்றார். அடுத்த வகுப்பன்று கொட்டுகிற மழை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து புதிதாகச் சில பெண்கள் வந்திருந்தார்கள். பாய் போதவில்லை. பழைய ஆட்களெல்லாம் சுவரோரம் நகர்ந்து உட்காருங்கள் என்றார் டீச்சர்.