கண்ணெதிரே வந்த மெசேஜ்

கணவரின் பிறந்தநாளுக்கு அந்த ஸ்மார்ட் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தது நான்தான். போனுக்கு வரும் மெசேஜை அது கண்ணாடியிலேயே காட்டும். அதைப் போட்டுக்கொண்டே சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குக் கார் ஓட்டினார்.

"அக்கா மெசேஜ் போட்டிருக்காங்க, கண்ணு முன்னாடியே தெரியுது" என்றார். அப்போது ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி சாலையைக் கடந்துகொண்டிருந்தார். இவர் பார்வை நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்களைப் பார்க்கவில்லை.

"பிரேக் போடுங்க" என்று கத்தினேன். தள்ளுவண்டிக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

இறங்கி ஓடினோம். இவர் கைகூப்பினார். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா தூங்குறான். நீங்கதான் பயந்துபோயிருக்கீங்க, கொஞ்சம் உட்காருங்க" என்றார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் அந்தக் குழந்தை வளரும் என்பதே எனக்கு இன்றும் பெரிய நிம்மதி.